நின்றுபோன படத்தில் என் முகம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீ சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்றுதான் பதில் வரும், இத்தனை நாளும் அப்படித்தான் வந்தது, அதனால் இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நீ நன்றாக இல்லை என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, பேசி அனுப்பியதைத் திறந்துகூடக் கேட்கவில்லை, தம்பி ஏதாவது கேட்டால் வேலையா இருக்கேன்டா என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறாய். குழந்தைக்குத் தைத்த கவுனை கூரியரில் அனுப்புகிறேன். பார்சலைப் பிரிக்காமல் யாரும் வைக்க மாட்டார்கள், அதனால் கவுன் மடிப்புக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். அம்மா மேல் இருக்கிற கோபத்தில் அந்த வாலுவின் கவுனை மூலையில் போட உனக்கு மனசு வராது என்று ஒரு நம்பிக்கை.

அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பாதியில் எழுந்து போகாமல் படி. நீ வீடியோவில் கூப்பிட்டபோது நான் ஜன்னலோரம் நின்று, கீழே துணிக்கடைக்காரர் நீளம் குறைக்கக் கொடுத்துவிட்ட பேன்ட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இந்த வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அந்த ஒரு ஜன்னலில்தான் என்று உனக்குத் தெரியும், தையல் மெஷின் மேல் நூல்கண்டு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துப் பேசினேன். குழந்தை தூங்குகிறாள் என்றாய். கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டதற்குச் சளி என்றாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, அம்மா, அவருக்கும் எனக்கும் இனி ஒத்துவராதும்மா, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நான் அங்கயே வந்துடட்டுமா என்றாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இஸ்திரிப் பெட்டி என்று ஒன்று கையில் இருந்ததே மறந்துவிட்டது, அப்படியே பேன்ட் மேல் வைத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். குப்பென்று தீய்ந்த வாடை மூக்கில் ஏறவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினேன் பார், சரியாக அந்த நேரத்தில் என் போனில் டேட்டா தீர்ந்துபோயிற்று. உன் திரையில் அப்படியே நின்ற முகம் அதுதான். மூக்கைச் சுருக்கி, உதட்டைக் கோணி, உன்னைப் பார்க்கப் பிடிக்காதவள் மாதிரி திரும்பிக்கொண்ட முகம். அது பேன்ட்டுக்குச் சுளித்த முகம்டீ, உனக்கு இல்லை.

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பினால் என் போனிலும் நீ அப்படியே குனிந்தபடி இருந்தாய். படம் நின்றுபோயிருக்கிறது என்று எனக்கு எங்கே தெரியும், நீ அழுகிறாய், அதனால்தான் நிமிரவில்லை என்று நினைத்தேன். மளமளவென்று பேச ஆரம்பித்துவிட்டேன். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். நீ அசையவே இல்லை, சரி, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று மேலும் மேலும் சொன்னேன். கடைசியில் படமும் மறைந்து திரை கருத்துப்போன பிறகுதான் இவ்வளவு நேரமும் ஆளில்லாத திரையோடு பேசியிருக்கிறேன் என்று உறைத்தது. நெட் இல்லாமல் சாதாரணமாகக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, தம்பி வேலையிலிருந்து வந்ததும் அவன் போனைப் பிடுங்கிக் கூப்பிட்டேன், அதையும் நீ எடுக்கவில்லை. அதற்குள் நீ அவனுக்கு எழுதியிருந்தாய், அம்மா பதில் சொல்ல வேண்டாம்டா, மூஞ்சியே சொல்லிடுச்சு என்று. டேட்டா தீர்ந்துபோச்சுக்கா என்று அவன் எழுதியதற்கு, சும்மா சமாளிக்காதே, படம் நின்னாலும் அம்மா மூஞ்சி அம்மா மூஞ்சிதானே என்று பதில் போட்டிருக்கிறாய். அதை அவன் எனக்குப் படித்துக் காட்டினான். உன்னைக் குறை சொல்லவில்லை, நீ இருந்த நிலைமையில் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

இனி அந்த டேட்டா சமாச்சாரத்துக்கு வருகிறேன். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே திட்டம். வீட்டுக்கு லைன் இழுக்கச் சொல்லிக் கேட்டாயிற்று, இந்தச் சந்துக்குள் வராது என்று கைவிரித்துவிட்டார்கள். உன் அப்பாவைப் பற்றித்தான் தெரியுமே, காலமெல்லாம் தெருத்தெருவாகக் குடிநீர் வால்வைத் திறந்து மூடுகிற கை அது, சும்மா இருக்குமா. தண்ணியும் டேட்டாவும் ஒண்ணுதான், முதல் வீட்டுக்காரன் திறந்தே விட்டா கடைசி வீட்டுக்குச் சொட்டுகூடப் போகாது என்று சொல்லி, யார் போனில் எவ்வளவு ஓடலாம் என்று தம்பியை வைத்து அளவு போட்டுவிட்டார். அளவு முடிந்தால் நெட் தானாக நின்றுவிடும். வால்வை மூடின மாதிரிதான். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வீட்டில் பஞ்சம், யார் குடித்தது என்று பஞ்சாயத்து. அன்றைக்கு அவர் நேரே தம்பி மேல் பாய்ந்தார், பந்து விளையாட்டு பார்த்தே எல்லாத்தையும் தீர்த்துட்டான், அம்மா போனையும் எடுத்திருப்பான் என்று. நானும் சேர்ந்துகொண்டேன், ஆமாம், இவன்தான் என்று.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். பாவம் அந்தப் பிள்ளை, என் போனை வாங்கி, எதெது எவ்வளவு தின்றது என்று தட்டிப் பார்த்துவிட்டு என்னையே ஒரு பார்வை பார்த்தான். அந்த வாலு உன் செருப்புக்குள் காலை விட்டுக்கொண்டு தப்பு தப்பென்று நடந்து வந்து, விழுந்து, தானே கையைத் தட்டிக்கொள்கிற வீடியோவுக்கு நீ லிங்க் அனுப்பினாய் இல்லையா, அதுதான் தின்றிருக்கிறது. பாபினில் நூல் சுற்றும்போது ஒரு தடவை பார்ப்பேன், பட்டன் வைக்கும்போது ஒரு தடவை, கடைக்காரருக்கு ஒரு தடவை, அவர் மனைவிக்கு ஒரு தடவை, துணி வாங்க வந்தவர்களையும் விட்டு வைக்கவில்லை. ஒரு தடவை வந்துவிட்டால் அது போனுக்குள்ளேயே கிடக்கும், எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா, நீ ஒவ்வொரு தடவை தட்டும்போதும் அது அங்கேர்ந்து புதுசா இறங்குதும்மா என்றான். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா திட்டுவார் என்று பார்த்தால் அவரும் திட்டவில்லை. அளவு போட்டது அவர், தீர்த்தது நான், யார் யாரைத் திட்டுவது.

அதற்கப்புறம் மெஷினில் உட்காரும்போதெல்லாம் இதே யோசனைதான். மாதம் முழுக்க உன் படத்தையும் குழந்தை படத்தையும் பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் செலவழித்திருக்கிறேன், நீயே வந்து நிஜமாக ஒன்று கேட்டபோது பதில் சொல்ல மிச்சம் இல்லாமல் போய்விட்டது. நீயும் அப்படித்தானே. எத்தனை மாதமாக இதை மனசில் வைத்துக்கொண்டு, சமையல் என்ன, மழை பெய்கிறதா என்று என்னோடு பேசியிருக்கிறாய். நானும் அதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, உன் குரல் இறங்கியிருந்ததைக் கேட்கவில்லை. ஒருவேளை கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேனோ என்னவோ. இனி அப்படி இருக்க மாட்டேன்.

உன் அப்பா அன்று சாப்பிடாமல் போய்ப் படுத்தவர், மறுநாள் வேலைக்குப் போய் மத்தியானமே திரும்பிவிட்டார். வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல், எவ்வளவு பஞ்சம் வந்தாலும் ஆஸ்பத்திரித் தெரு வால்வை மட்டும் மூட மாட்டோம், அது எப்பவும் திறந்தே இருக்கணும், அதுகூடத் தெரியாத முட்டாளாயிட்டேனே என்றார். சொல்லிவிட்டு, தம்பியின் பழைய போனைத் துடைத்து அதில் தனியாக ஒரு சிம் போட்டு ஜன்னலில் வைத்துவிட்டார். அது உனக்கு மட்டும். அதில் அளவும் கிடையாது, வேறு யாரும் எதையும் பார்க்கவும் கூடாது. தம்பி ஒரு தடவை ஸ்கோர் பார்க்க அதை எடுத்தான் என்று அவர் போட்ட சத்தம் கீழே கடை வரைக்கும் கேட்டது. அந்த நம்பரை இந்தக் கடிதத்தின் பின்பக்கம் அவரே பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார். தினமும் அது சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறார்.

நான் சமாளிக்கிறேன் என்று இன்னும் உனக்குத் தோன்றினால் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கும் சாம்பல் நிறத் துண்டுத் துணியை எடுத்துப் பார். அந்தப் பேன்ட்டின் முழங்கால் பக்கத்திலிருந்து வெட்டியது, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பழுப்பாகப் பதிந்திருக்கும். முகர்ந்தும் பார், வாடை போகவில்லை. புது பேன்ட் தைத்துக் கொடுத்து, பேன்ட்டுக்குச் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். என்னம்மா, கவனம் எங்க இருந்துச்சு என்றார். என் மக பேசிக்கிட்டிருந்தா என்றேன். அப்ப சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி அன்றைக்கு அந்தத் திரையிடம் நான் சொன்னதைத் திரும்ப எழுதுகிறேன், இது உன் காதில் விழ வேண்டியது. வந்துடுடீ. கேட்டுக்கிட்டா வருவாங்க? உன் வீடுதானே. காரணம் எல்லாம் இப்ப சொல்ல வேண்டாம், சொல்லணும்னு தோணும்போது சொல்லு, தோணலைன்னா விடு. ஊர் என்ன பேசும்னு நினைக்காதே, உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது, அது நீ அங்க இருந்தாலும் பேசும் இங்க வந்தாலும் பேசும். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வா. நீ தூங்கு, நான் பார்த்துக்கறேன். இவ்வளவும் சொன்னேன், இதற்கு மேலும் ஏதேதோ சொன்னேன், அழுததில் பாதி மறந்துபோயிற்று. மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதப் போவதில்லை, அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். யோசித்துப் பார்த்து, இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம் என்று நீ முடிவெடுத்தால் அதுவும் சரி, அது உன் வாழ்க்கை. ஆனால் போக வேறு இடமில்லையே என்பதற்காக மட்டும் ஓர் இடத்தில் இருந்துவிடாதே. தீய்ந்த பேன்ட்டால் வந்த ஒரு முகத்தை நம்பி நீ அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால், நான் உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம்.

முன்னறையில் இருந்த துணி வெட்டும் மேசையை சமையலறைக்குப் பக்கத்து இடைவெளிக்குத் தள்ளியாகிவிட்டது. அதைத் தூக்கும்போது உன் அப்பாவும் தம்பியும் போட்ட சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும், ஒருவர் இடது பக்கம் என்கிறார், ஒருவன் வலது பக்கம் என்கிறான், மேசை வாசலிலேயே மாட்டிக்கொண்டு, நான் மேசைக்கு அடியில் குனிந்துதான் வெளியே வந்தேன். இப்போது அந்த அறையில் கட்டிலும் உன் பழைய அலமாரியும் மட்டும்தான். அலமாரியின் கீழ்த்தட்டுக் கதவு இன்னமும் சரியாகச் சாத்துவதில்லை, வாலு உள்ளே ஏறி உட்காருவாள், சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன்.

கவுனை அவளுக்குப் போட்டுப் பார். கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், வளரும் பிள்ளை. சின்னதாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிடாதே, பக்கவாட்டிலும் கீழேயும் உள்ளே நிறையத் துணி மடித்து விட்டிருக்கிறேன், தையலைப் பிரித்தால் போதும். உனக்குப் பிரிக்கத் தெரியாது, கொண்டுவா, நான் பிரித்துத் தருகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, அழுதுவிட்டு வெறும் வயிற்றோடு படுக்காதே. உனக்கு ஒரு குறையும் வராது, நீயும் உன் பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள். மறக்காமல் பின்பக்கம் இருக்கும் நம்பரை உன் போனில் ஏற்றிக்கொள். முகம் காட்டப் பிடிக்கவில்லை என்றால் காட்ட வேண்டாம், பேசப் பிடிக்கவில்லை என்றால் பேச வேண்டாம். கிளம்பிட்டேன் என்று ஒரு வார்த்தை தட்டிவிடு. அதற்கு டேட்டாகூட அதிகம் ஆகாது.

ஜன்னலோரம் காத்திருக்கும்
உன் அம்மா