மீதி எட்டு மாத்திரை

அனுப்புநர்:
சா. துரைராசு (வயது 52),
மேலத் தெரு, நடுவாய்க்கால்பேட்டை,
குத்தாலம் வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மருந்துகள் ஆய்வாளர் அவர்கள்,
மயிலாடுதுறை.

பொருள்: மருந்தாளுநர் செல்வி எழில்மொழி மீது நான் கொடுத்த பொய்ப் புகாரைத் திரும்பப் பெறுதல் – அவரை அடித்த என் மீதும், சீட்டு இல்லாமல் மாத்திரை விற்ற கடை மீதும் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 26.09.2025 நாளிட்ட எனது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட மனுவில் நான் எழுதியிருந்தது பொய். டாக்டர் சீட்டைக் காட்டியும் எழில்மொழி மருந்து தர மறுத்தார், என் மனைவியை இழிவாகப் பேசினார் என்று எழுதி, தெருவில் இருபத்திரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கினேன். என் கையில் சீட்டு இல்லை. என் மனைவி அன்று கடைக்கே வரவில்லை. அந்த மனுவால் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். வரும் 17ஆம் தேதி தங்கள் அலுவலகத்தில் விசாரணை என்றும், அவருடைய பதிவே ரத்தாகலாம் என்றும் கேள்விப்பட்டேன். அதற்குள் இந்த மனு தங்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.

2. என் மனைவி பிரகதாம்பாள் சர்க்கரை நோயாளி. செப்டம்பர் 8 அன்று வரப்பில் புல் அறுக்கும்போது அரிவாள் தவறி வலது பாதத்தில் வெட்டிவிட்டது. அரசு மருத்துவமனையில் தையல் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என ஏழு நாளைக்குப் பதினான்கு மாத்திரை கொடுத்தார்கள். முழுவதும் முடிக்க வேண்டும், வீக்கம் வந்தால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

3. மூன்றாம் நாள் புண் காய்ந்திருந்தது. நான்தான் நிறுத்தினேன். அவள் மறுத்தாள், சோற்றுத் தட்டைச் சுவரில் வீசி அவள் வாயை அடைத்தேன். மீதி எட்டு மாத்திரையைப் பூச்சிமருந்து பாட்டில் இருக்கும் மாடத்தில் வைத்தேன். ஐயா, நான் முப்பது வருடமாக வயலுக்கு மருந்து அடிப்பவன். புகையான் விழுந்த வயலில் அரை மருந்து அடித்தால் சாகாத பூச்சி பழகிக்கொண்டு திரும்பி வரும் என்று ஊருக்கே சொல்லித் தருபவன். வயலுக்கு அடிப்பதையும் மருந்து என்கிறோம், வாயில் போடுவதையும் மருந்து என்கிறோம். வயலில் தெரிந்த புத்தி வீட்டுக்குள் எனக்கு வரவில்லை.

4. செப்டம்பர் 22 அன்று பாதம் வீங்கியது. வீரியம் கூட்டினால் சரியாகும் என்று அந்த எட்டையும் வேளைக்கு இரண்டாக இரண்டே நாளில் கொடுத்தேன். அடங்கவில்லை. 24ஆம் தேதி காலை கடைத்தெரு மெடிக்கலுக்குப் போய் அதே மாத்திரை கேட்டேன். சீட்டு இல்லாமல் தர முடியாது, சர்க்கரைக்காரர் கால் என்பதால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், ஆட்டோ வேண்டுமானால் நானே கூப்பிடுகிறேன் என்றார் எழில்மொழி. பிறகு, "அண்ணே, ஏழு நாளும் முடிச்சாங்களா?" என்று கேட்டார். கடையில் நான்கு பேர் நின்றார்கள். என் குட்டு வெளிப்பட்டது போல் இருந்தது.

5. எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். மேற்படி எழில்மொழியின் தலைமுடியைப் பிடித்து இழுத்து, முகத்தைக் கண்ணாடி மேஜையில் மோதினேன். கண்ணாடி உடைந்தது. போனை எடுக்கப் போன கையை முறுக்கினேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தவரை உதைத்தேன். கன்னத்தில் ஒன்பது தையல். கடைப் பெயர் கெடும் என்று முதலாளி சமாதானம் பேசியதால் எழில்மொழி போலீசுக்குப் போகவில்லை. அவர் எப்போது வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம் என்று பயந்துதான் இரண்டு நாளில் நான் முந்திக்கொண்டு தங்களுக்கு எழுதினேன்.

6. அவரை அடித்த கையோடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ரெத்தினம் என்பவர் கடைக்குப் போனேன். புண்ணுக்கு ஒரு செட் என்றேன். எதையும் கேட்காமல், பெரிய மாத்திரை ஒன்று, சிறியது இரண்டு என அட்டைகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டிக் காகிதத்தில் மடித்துத் தந்தார். ஒரு வாரம் அதையே வாங்கிக் கொடுத்தேன். அக்டோபர் 1 அன்று கால் கணுக்கால் வரை கறுத்து, நாற்றம் தாங்க முடியாமல், அவள் நினைவு தப்பிப் பிதற்றினாள். தஞ்சாவூருக்குத் தூக்கிப் போனோம். என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று டாக்டர்கள் கேட்டார்கள். காகிதத்தைக் காட்டினேன். அதில் பெயர் இல்லை.

7. மறுநாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். சீழைச் சோதித்ததில், முதலில் கொடுத்த மாத்திரை அந்தக் கிருமியை இனி கொல்லாது என்று தெரிந்தது. பாதியில் நிறுத்தியதும், டாக்டரிடம் காட்டாமல் நாள் கடத்தியதும், பெயர் தெரியாததைத் தின்னக் கொடுத்ததும் சேர்ந்து செய்த வேலை என்றார்கள்.

8. நேற்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ரெத்தினத்தை வெட்டப் புறப்பட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிக் கட்டிலில் கிடந்த என் மனைவி சொன்னாள்: "அவரு விக்கலன்னா நீங்க வேற கடையில வாங்கியிருப்பீங்க. தர மாட்டேன்னு சொன்னது ஒரே ஒரு பொண்ணு. அதையும் அடிச்சிட்டீங்க." மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

9. ஆகவே, என் முந்தைய மனுவைப் பொய் என்று முடித்துவைக்க வேண்டுகிறேன். இந்த மனுவையே என் வாக்குமூலமாகக் காவல்துறைக்கு அனுப்பி, எழில்மொழியைத் தாக்கிய குற்றத்துக்கு என் மீது வழக்குப் பதியுங்கள். ரெத்தினம் கடையைச் சோதனை போடுங்கள். அந்தக் காகிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். கையெழுத்திட்ட இருபத்திரண்டு பேரும் நான் சொன்னதை நம்பியவர்கள், அவர்களை விட்டுவிடுங்கள்.

10. விசாரணை நாளன்று நான் வாசலில் இருப்பேன். எழில்மொழி என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதையும் இல்லை. அவரை அதே கடையில் மீண்டும் உட்காரச் செய்யுங்கள். நாளை என்னைப் போல் ஒருவன் வந்து மேஜையைத் தட்டும்போது, தர மாட்டேன் என்று சொல்ல அங்கே ஒருவர் இருக்க வேண்டும்.

இடம்: நடுவாய்க்கால்பேட்டை
நாள்: 13.10.2025

மேற்கண்ட குற்றங்களைச் செய்தவன்,
(ஒப்பம்) சா. துரைராசு

இணைப்பு: மாத்திரை மடித்துத் தந்த காகிதம் – 1