நாற்பது நிமிடத் தூரம்

அருமை மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

மாப்பிள்ளை அனுப்பிய விமான டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அவரிடம் பக்குவமாகச் சொல். ஆப்பரேஷன் செய்த கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருக்கிறார்கள். அது கரைவதற்குள் விமானம் ஏறினால், உயரத்தில் குமிழி பெருத்துப் பார்வையே போய்விடுமாம். கரைய இன்னும் ஒரு மாதம் ஆகும். உனக்கோ அடுத்த வாரக் கடைசியில் தேதி. "நீ வரவேணாம்மா, கண்ணைப் பாத்துக்கோ" என்றாய். அதை நான் கேட்கப்போவதில்லை.

நம் வீட்டுக் கூத்தைக் கேள். இங்கே விமான நிலையத்தில் நான் டிக்கெட் கவுன்டர், அப்பா பெட்டி ஏற்றும் பகுதி, மாப்பிள்ளை உங்கள் ஊர் விமான நிலையத்தில் ஓடுபாதை விளக்குகளைப் பார்ப்பவர். உன்னைக் கட்டிக்கொடுக்கும்போது நாற்பது நிமிஷம்தானே என்று சொல்லிக்கொண்டோமே தவிர, தரைவழியில் எவ்வளவு தூரம் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நேற்றுதான் அப்பா ரயில் நிலையத்தில் விசாரித்தார். ரயில் போகும் சுற்றுவழியில் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேலாம். "அடியே, பொண்ணை இவ்வளவு தூரத்துலயா குடுத்திருக்கோம்?" என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

மலைப்பாதை சுருக்கம்தான். ஆனால் மலையும் உயரம்தானே, அதுவும் கூடாதாம். ஆகவே கடலோரமாகச் சுற்றி வருகிறோம். முதலில் ரயில், பிறகு இரண்டு பஸ். இரண்டு நாள் ஆகும். வழியெல்லாம் நான் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். டாக்டரம்மா முதலில் முடியவே முடியாது என்றார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெளியே ஆட்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும் என்று இருந்தேன். கடைசியில் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, "நீங்க சொன்னா கேக்கற ஆள் இல்ல. தலையை மட்டும் தூக்கிடாதீங்க" என்றார். அப்பாவும் லீவு போட்டுவிட்டார். வழித்துணைக்கு என்கிறார், உன்னைப் பார்க்கத்தான்.

போன தடவை அந்த நாற்பது நிமிடத்தை நம்பித்தான், வலி வந்ததும் கிளம்பிக்கொள்ளலாம் என்று இருந்தோம். புயலில் இரண்டு நாள் ஒரு விமானமும் எழும்பவில்லை. நான் வந்தபோது நீ வெறும் கையோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். நான் இருந்திருந்தாலும் குழந்தை தங்கியிருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். இருக்கட்டும். நீ தனியாகக் கிடந்திருக்க மாட்டாய்.

இதை மாலை விமானத்தில் வரும் பணிப்பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ படிக்கும்போது நாங்கள் ரயிலில் இருப்போம், திரும்பிப் போ என்று சொல்லிப் பயனில்லை. பஸ் நிலையத்துக்கு மாப்பிள்ளை மட்டும் வரட்டும். நீ அலையாதே.

நான் வருவதற்குள் வலி கண்டுவிட்டால், அம்மா வரட்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் உள்ளே போ. தைரியமாகப் போ. தாயும் பிள்ளையுமாக வெளியே வந்துவிடு, கண்ணே. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

வந்துகொண்டே இருக்கும்,
உன் அம்மா