மருத்துவமனை மேட்டில் வரும் சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றோடு ஏழாவது முறை. மனத்திலேயே வைத்துக்கொண்டு உழல்வதைவிட எழுதிவிடுவது மேல். வரிசையாக:

1. சத்தம் எங்கே, எப்போது, எந்த நிலையில் வருகிறது என்று ஒவ்வொரு பயணத்திலும் குறிப்பது.
2. பெட்ரோல். வழக்கமான பங்க்கை மாற்றிப் பார்ப்பது.
3. ஸ்பார்க் பிளக். நான்கும் பழசு.
4. இன்ஜினுக்குள் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது.
5. பேரிங். இதுவாக இருந்தால் வண்டி அவ்வளவுதான். ஆகவே கடைசியில்.
6. என் மனைவிக்கு இந்தச் சத்தம் கேட்கவில்லை. கேட்காதவளிடம் சொல்லிக் கலவரப்படுத்த வேண்டாம்.

சத்தம் எப்படிப்பட்டது? தகர டப்பாவில் நாலைந்து கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்கினால் எப்படியோ, அப்படி. மருத்துவமனைக்கு ஏறும் மேட்டுச் சாலையில் மட்டும். நான் எப்போதும்போல இன்ஜினை அதட்டாமல், சீக்கிரமே நான்காவது கியருக்கு வந்து, பதமாகத்தான் போகிறேன். பாதி மேட்டில் தொடங்குகிறது. உச்சிக்குப் போனதும் நின்றுவிடுகிறது.

என் மனைவி பக்கத்து இருக்கையில், கண்ணாடியில் தலை சாய்த்தபடி. ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 6, வியாழன்

அட்டவணை போட்டுவிட்டேன். தேதி, மணி, வெளி வெப்பம், டாங்க்கில் எவ்வளவு, ஏசி உண்டா இல்லையா, டயர் காற்று, சத்தம் எத்தனை விநாடி. வானிலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் மழைமானியும் வெப்பமானியும் பார்த்து எழுதிய கை. இன்னும் கோடு வளையவில்லை. அதுவரை சந்தோஷம்.

இன்று: 6.10, இருபத்திரண்டு டிகிரி, அரை டாங்க், ஏசி இல்லை. சத்தம் பதினோரு விநாடி.

ஒரு காருக்காக இவ்வளவு பதற்றமா என்று நானே கேட்டுக்கொள்கிறேன். காருக்காக இல்லை. செவ்வாய், வியாழன், சனி — வாரம் மூன்று நாள் அவளுக்கு டயாலிசிஸ். சர்க்கரை முதலில் கண்ணைக் கொண்டுபோயிற்று, பிறகு சிறுநீரகத்தை. போன வருடம் ஒருநாள் பேட்டரி செத்து வாடகை வண்டியில் திரும்பினோம். நடுவழியில் வாந்தி எடுத்துவிட்டாள். அந்த டிரைவர் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "இனிமே அடுத்தவங்க வண்டியில ஏறமாட்டேன். அதுக்கு போகாமலே இருந்துடறேன்."

சொன்னால் சொன்னதுதான் அவள்.

மார்ச் 8, சனி

24 டிகிரி. கால் டாங்க். பதினான்கு விநாடி.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று ஊர் எல்லையில் இருக்கும் பங்க்கில், உயர்ரகப் பெட்ரோல் நிரப்பினேன். அது போட்டால் இன்ஜின் தட்டாது என்று வண்டிக் கையேட்டில் இருக்கிறது. இன்று ஒன்பது விநாடி. குறைந்ததா, நான் குறைந்ததாக நினைத்துக்கொண்டேனா? இரண்டாவதை அடித்துவிட மனம் வரவில்லை. கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

அவளை உள்ளே விட்டால் நான்கு மணி நேரம் எனக்கு வேலை இல்லை. மேட்டின் அடிவாரத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக்குக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே என் மனைவிதான். டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு வருடம் ஆசிரியை. இந்த ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். "டீச்சரம்மா எப்படி இருக்காங்க சார்? 'க்ளட்ச்ல கால வச்சு தூங்கறியே, தலகாணி வேணுமா?'ம்பாங்க. இப்பவும் க்ளட்ச்ச மிதிச்சா அந்தக் குரல்தான் கேக்குது" என்று சிரித்தார்.

சாவியைக் கொடுத்தேன். அவர் ஓட்ட, நான் பக்கத்தில். மேடு ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். ஒன்றுமே இல்லை. வண்டி கன்றுக்குட்டி மாதிரி ஓடியது.

"எனக்கு வரலையே சார்."

எனக்கும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர் ஓட்டியபோது அவள் வண்டியில் இல்லை. ஆள் கணக்கு இரண்டுதான், ஆனால் எடை வேறு. அதுதானா?

மார்ச் 15, சனி

காலையில் பன்னிரண்டு விநாடி. அவளை உள்ளே விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் போனேன். அவள் எடை நாற்பத்தாறு கிலோ. இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, அகராதி இரண்டு தொகுதி — பின் இருக்கையில் வைத்து பெல்ட்டும் போட்டிருந்தேன். மெக்கானிக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது யாரு சார், டீச்சரம்மாவுக்கு பதிலா?"

நான் இறங்கிக்கொள்ள, அவர் ஓட்டினார். சத்தம் இல்லை. தண்ணீர் கேன் மட்டும் தளும்பியதாம்.

மார்ச் 17, திங்கள்

காது மருத்துவரிடம் போய்வந்தேன். இல்லாத சத்தம் எனக்குக் கேட்கிறதோ என்ற பயம். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கேட்காதபோதும் கேட்ட மாதிரி இருந்தது, எதற்கும் அமுக்கிவைத்தேன். மருத்துவர், "பரீட்சை இல்லைங்க ஐயா இது, பயப்படாதீங்க" என்றார். எழுபது வயதுக்குக் காது பரவாயில்லையாம்.

அப்படியானால் சத்தம் உண்மை.

மார்ச் 20, வியாழன்

நேற்று நான்கு பிளக்கும் மாற்றியாயிற்று. உள்ளே கரி இருந்தது; மெக்கானிக் மருந்து ஊற்றிச் சுத்தம் செய்தார். பழைய பிளக்குகளைக் காகிதத்தில் சுற்றி வாங்கிவந்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

இன்று வீட்டிலிருந்து சிக்னல் வரை வண்டி வெண்ணெய். மேட்டில் ஐந்து விநாடி. குறைந்திருக்கிறது, ஆனால் வருகிறது. ஏன் வருகிறது? என்னிடம் மட்டும் ஏன்?

மார்ச் 21, வெள்ளி

மகள் போனில். சத்தத்தைப் பற்றி உளறிவிட்டேன்.

"அம்மா என்னப்பா சொல்றாங்க?"

"அம்மாகிட்ட சொல்லலை."

"அம்மாகிட்ட சொல்லாம டேபிள் போட்டுட்டு இருக்கீங்களா? நல்லா இருக்குப்பா. கார் ஓட்டத் தெரிஞ்ச ஆள வீட்லயே வச்சுக்கிட்டு!"

மகளுக்கு என்ன தெரியும்? ஒப்பந்தம் எனக்கும் அவள் அம்மாவுக்கும் இடையில். மனைவிக்குப் பார்வை போன பிறகு, அறுபத்தெட்டு வயதில், வேறொரு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டவன் நான். மனைவியை ஏற்றிக்கொண்டு போன மூன்றாம் நாள், ரவுண்டானாவில், "ரெண்டுக்கு வாங்க... க்ளட்ச்... க்ளட்ச்!" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் நடு ரோட்டில் நிறுத்திவிட்டேன். பின்னால் ஹாரன். ஒன்பது நாள் சாவியைத் தொடவில்லை. அந்த ஒன்பது நாளும் எதிர்வீட்டுக்காரர் உதவினார். பத்தாம் நாள் அவளே சாவியைத் தடவி எடுத்துக்கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "ஓட்டறது நீங்க. இனிமே வண்டிக்குள்ள நான் வாயைத் திறக்கமாட்டேன். சரியா?"

இரண்டு வருடம் ஆகிறது. திறக்கவில்லை.

மார்ச் 22, சனி

நடுவில் அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கி, மெஷினை நிறுத்தி, மறுபடி போட்டார்களாம். எனக்கு முடிந்த பிறகுதான் சொன்னார்கள். நான் அந்த நேரம் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அட்டவணைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறு விநாடி. வெப்பம் பார்க்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

மெக்கானிக் சொன்னார்: "பேரிங் சத்தம் அடிவயித்துலேருந்து கடகடன்னு வரும் சார். நீங்க சொல்றது கிணிகிணின்னு இருக்கு. எனக்கு பேரிங் மாதிரி தோணலை. ஆனா கேக்காம எப்படி சொல்றது? ஒண்ணு பண்ணுங்க — நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து கேக்கறேன்."

எளிய யோசனை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

நான் என்ன செய்தேன்? தோள்பட்டை வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். வேறொருவர் பார்க்க என்னால் ஓட்ட முடியாது. அவரிடம் அதைச் சொல்லவும் முடியவில்லை. எழுபது வயதில், பொய்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப பிரிச்சுதான் பாக்கணும். பத்து நாள் ஆகும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பத்து நாள் என்றால் நான்கு டயாலிசிஸ். எதிர்வீட்டுக்காரரும் இப்போது ஊரில் இல்லை. வெட்கத்துக்குப் பயந்து அவள் உயிரைப் பணயம் வைத்திருக்கிறேன். இதை அடிக்காமல் விடுகிறேன். இருக்கட்டும்.

மார்ச் 25, செவ்வாய்

மத்தியானம், அவள் களைப்பு கொஞ்சம் தெளிந்த பிறகு சொன்னேன். வெள்ளிக்கிழமை வண்டியை வேலைக்கு விடுகிறேன், நான்கு முறை மட்டும் வாடகை வண்டி, நானும் கூடவே வருவேன், பை எல்லாம் எடுத்துக்கொள்வேன். வாக்கியங்களை முன்பே தயாரித்து வைத்திருந்தேன். பாதியிலேயே குழறிற்று.

"வண்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சின்ன வேலை."

"சின்ன வேலைக்கா பத்து நாள்? மேட்டுல வருதே, அந்தச் சத்தத்துக்கா?"

எப்போதிலிருந்து கேட்கிறது என்று கேட்டேன்.

"பிப்ரவரியிலேருந்து. மொதல்ல லேசா வந்துச்சு. அப்புறம் பெட்ரோல மாத்தினீங்க. அப்புறம் பிளக் மாத்தினீங்க. அதுவும் நல்லதுதான், கரி இருந்திருக்கும்." பிறகு, "நான் இப்ப வாயைத் திறக்கலாமா? வண்டிக்குள்ள இல்லையே, வீட்லதானே இருக்கோம்."

திற என்றேன்.

"மேட்டுல நாலாவது கியர்ல போறீங்க. அதால இழுக்க முடியலை. திணறுது. அதான் தட்டுது."

அவ்வளவுதான். ஒரு மாதம்.

"ஏன் சொல்லலை?" — என் குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்திருக்கக் கூடாது.

"சொன்னா சாவியை ஆணியில மாட்டிடுவீங்க. சாவியை மாட்டிட்டா நான் எதுல போவேன்? சத்தத்தோடயே போயிட்டு வந்துடலாம்னு விட்டுட்டேன். இன்ஜின் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். நானும் அவ்வளவுதானே."

கடைசி வார்த்தையை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவளுக்கு அளந்துதான் தண்ணீர். அதுகூட மறந்துபோய்விட்டது.

மார்ச் 26, புதன்

அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். வெப்பம் இருக்கிறது, காற்று இருக்கிறது, டாங்க் இருக்கிறது. கியர் என்று ஒரு பத்தி இல்லை. மழைமானியைப் பார்க்கிறவன் தன்னையும் சேர்த்து எழுதுவதில்லை, அந்தப் பழக்கம்.

இன்ஜின் இரைந்தால் யாரோ என்னைத் திட்டுகிறமாதிரி நெஞ்சு படபடக்கும். அதனால்தான் எப்போதும் மேல் கியர். வண்டிக்கு நல்லது செய்வதாக நினைத்திருந்தேன்.

மெக்கானிக்குக்குப் போன் செய்து, பிரிக்க வேண்டாம் என்றேன். காரணம் சொன்னேன். தோள்பட்டை வலி பொய் என்பதையும் சொன்னேன். "தெரியும் சார், விடுங்க" என்றார். பிறகு, "டீச்சரம்மா காதாலயே கண்டுபிடிச்சிட்டாங்களா? நான் எனக்கு வந்த பழக்கத்துல மூணுக்கு இறக்கிட்டு ஏறியிருக்கேன், அது எனக்கே தோணலை பாருங்க" என்று அங்கலாய்த்தார்.

மார்ச் 27, வியாழன்

ஒப்பந்தம் திருத்தப்பட்டது: மேட்டில் மட்டும் பேசலாம்.

அடிவாரம் வந்தது. "இப்ப மூணு" என்றாள். போட்டேன். இன்ஜின் கத்தியது. காலை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க. கத்தட்டும். கத்தினா அதுக்கு ஒண்ணும் ஆகாது."

கத்திக்கொண்டே ஏறியது. பாதி மேடு. முக்கால். நான் காத்துக்கொண்டிருந்த கோலிக்குண்டு வரவில்லை. உச்சியில் அவள், "க்ளட்ச்ல கால வச்சு தூங்கறீங்களே" என்றாள். திருத்தத்தில் இது அடங்குமா என்று கேட்டேன். மேடு முடியவில்லை என்றாள்.

திரும்பும்போது கேட்டேன், வேறு என்னவெல்லாம் கேட்கிறது உனக்கு என்று. இறக்கத்தில் பேச அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டு வாசலில் இன்ஜினை நிறுத்திய பிறகு சொன்னாள்:

"நான் முடிச்சிட்டு வரும்போது உங்களுக்கு மூக்கு அடைச்சிருக்கும். செவ்வாய், வியாழன், சனி. மத்த நாள்ல சளி இல்லை."

ஏப்ரல் 1, செவ்வாய்

6.10. இருபத்தாறு டிகிரி. முக்கால் டாங்க். கியர்: மூன்று. சத்தம்: இல்லை.

மருத்துவர் இனி நாலரை மணி நேரம் என்கிறார். இதயத்துக்கும் ஏதோ பார்க்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டதற்குத் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்த அரை மணியை நான் கார் நிறுத்துமிடத்தில் கழிக்கவில்லை. உள்ளே, அவள் படுக்கைக்குப் பக்கத்தில், முக்காலியில். மூக்கு அடைத்தது. அவள் தலையணைக்கு அடியிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள், கொஞ்சம் தள்ளி, என் முழங்கை இருக்கும் பக்கம்.

மார்ச் 4-இல் எழுதியதைச் சரிபார்த்தேன். முதலாவதில் ஒரு பத்தி விட்டுப்போயிருந்தது, சேர்த்தாயிற்று. இரண்டு, மூன்று, நான்கு செய்ததில் நஷ்டமில்லை. ஐந்தாவது, அந்தப் பேரிங், இல்லை.

ஆறாவது, அவளுக்குக் கேட்கவில்லை என்றது, தவறு.