சட்டையை வாங்க வந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று கம்பெனியில் உங்கள் பீரோவைக் காலி செய்யச் சொன்னார்கள். சாவி என்னிடம்தான் வந்தது. பழைய சாம்பிள்களுக்கு நடுவே, ஒரு பாலிதீன் கவருக்குள், கையகல மஞ்சள் சட்டை. கவரைப் பிரித்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. அட்டையில் உங்கள் கையெழுத்து: ஆறு முதல் ஒன்பது மாதம், கழுத்து ஓகே. கீழே இரண்டு கோடு, சந்தோஷத்தில் இழுத்த மாதிரி.

நீங்கள் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் வழக்கம். எனக்கு வரவில்லை.

பாப்பாவுக்கு அப்போது ஏழு மாதம். நான் உங்களுக்குக் கீழே வேலைக்குத் திரும்பி மூன்று வாரம். கைக்குழந்தைச் சட்டைக்கு வந்த ஆர்டர் அது. தலை நுழையவில்லை என்று ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் இரண்டு முறை சாம்பிளைத் திருப்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் போன் செய்தீர்கள். "பொம்மைக்குப் போட்டா என்ன கண்ணு தெரியும்? பொம்ம அழுவாது. உம்புள்ளையத் தூக்கிட்டு வா."

உடம்பு சுடுகிறது என்றேன்.

"எந்தக் கொழந்தைக்குக் காச்சல் வரல? பத்து நிமிசம். போட்டுப் பாத்துட்டுப் போயரலாம்."

வந்தேன். இதைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை. யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. நானேதான் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கணவர் பைக்கில் பெருமாநல்லூர் கம்பெனி வரை வந்தேன். டிகிரி படித்தவள், 'முடியாதுங்க' என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை.

பத்து நிமிடம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. கழுத்தைப் பிரித்துத் தைப்பதும், போட்டுப் பார்ப்பதும், மறுபடி பிரிப்பதும். ஒவ்வொரு முறையும் துணி நெற்றியில் மாட்டிக்கொள்ளும், உள்ளேயிருந்து பாப்பா அலறுவாள். "ஏஞ் சாமி இந்தக் கத்துக் கத்தறே? வெள்ளக்காரப் புள்ளைக்குத் தெக்கற சட்ட, நீதான் மொதல்ல போடறே" என்றீர்கள். டெய்லர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆறாவது முறை சட்டை தலையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நீங்கள் கை தட்டினீர்கள்.

அழுது ஓய்ந்த பிள்ளையை மறுபடி படுத்த மனமில்லாமல் அந்தச் சட்டையோடேயே தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீடு வருவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகிக்கொண்டது, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. என் மடியில், ஓடுகிற பைக்கில்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். "இப்பப் பரவால்லையா கண்ணு?" என்று பாப்பாவின் பாதத்தைத் தொட்டீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதேன். அந்தக் கையை விடாமலேயே கேட்டீர்கள்: "அந்தப் பீஸு எங்க?"

நர்ஸ் கழற்றிப் போட்டது கட்டிலடியில் கிடந்தது. குனிந்து எடுத்தீர்கள். உதறினீர்கள். மடித்துக் கவரில் போட்டீர்கள். "தப்பா நெனச்சுக்காத கண்ணு. இத வெச்சுத்தான் புதுசு தெக்கோணும். காலைல கூரியரு."

வலிப்பு காய்ச்சலால் வந்தது, சட்டையால் அல்ல என்று டாக்டர் சொன்னார். எனக்கும் தெரியும். நான் சொல்வது சட்டையைப் பற்றி அல்ல, நீங்கள் எதற்காக வந்தீர்கள் என்பதைப் பற்றி.

நான் வேலையை விட்டுவிடுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பத்தாம் நாள் வந்து நின்றேன். உங்களுக்கு ஒரே பூரிப்பு. "அப்புடித்தான் இருக்கோணும். ஊட்ல பாடுபட்டா எவன் பேரு சொல்லுவான்? இங்க படு, பேரு நிக்கும்." பிரியத்தால் வரவில்லை அக்கா. உங்கள் நாற்காலிக்காக வந்தேன். ஒருநாள் நான் அதில் உட்கார்ந்திருக்க, நீங்கள் பைலோடு எதிரே நிற்க வேண்டும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உங்களைக் காக்க வைக்க வேண்டும். நாலு வருடம் இதை நினைத்துத்தான் எழுந்தேன். பையர் மெயிலுக்கு உங்களுக்கு முன்னால் பதில் போட்டேன். நீங்கள் கிளம்பும்வரை கிளம்பமாட்டேன். பாப்பா முதல் அடி எடுத்து வைத்ததை மாமியார் போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காய்ச்சல் இல்லையே என்று கேட்க தினம் மூன்று போன். வீட்டுக்குப் போக மட்டும் நேரமில்லை. உங்களைத் தோற்கடிக்க நான் கொட்டிய தெம்பெல்லாம் உங்கள் ஆர்டர்களுக்கே போய்ச் சேர்ந்தது. எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

அப்புறம் செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் விழுந்தீர்கள், எழுந்திருக்கவேயில்லை. தப்பித்துக்கொண்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நீங்கள் போன தகவலுக்கு அந்தப் பையரிடமிருந்து பதில் வந்தது. ஆழ்ந்த வருத்தம் என்று இரண்டு வரி. மூன்றாவது வரியில், அடுத்த சாம்பிள் எப்போது வரும் என்ற கேள்வி. சிரித்தேன் அக்கா. நிற்கும் என்று சொன்னீர்களே பேர், அது இரண்டு வரி நின்றது.

பீரோ சாவியைக் கொடுக்கப் போனபோது முதலாளி உட்காரச் சொன்னார். "அக்காவாட்ட ராப்பகலாப் பாக்கறக்கு உங்கள விட்டா ஆருங்க இருக்கறாங்க? நாளையிலிருந்து அந்தச் சீட்டுல உக்காந்துக்குங்க."

"வேண்டாங்க."

"ஏனுங்க? பேசிக்கலாமுங்க."

"இனி ஆறு மணிக்குக் கெளம்போணுங்க. இருக்கற வேலையே போதுங்க."

"அக்கா இருந்து இதக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருக்கும்?"

"அதான் அக்கா இல்லீங்களே."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தேன். கேட்டுக்கொள்ளுங்கள் அக்கா: மத்தியானச் சோற்றை மறந்து, நல்லது கெட்டதுக்குப் போகாமல், உயிரைக் கொடுத்து நீங்கள் பிடித்து வைத்திருந்த அந்த நாற்காலி, எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உங்களுக்கு நான் செய்ய முடிந்ததில் பெரியது இதுதான். பயமும் இருக்கிறது. நாளைக்கு யாரோ ஒருவர் வந்து என் தலைமேல் உட்காருவார். ஆறு மணி ஆனால் என்னை முறைப்பார். முறைக்கட்டும்.

இன்று வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனேன். வாசலில் மண்ணைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்த பாப்பா என்னைப் பார்த்துத் திகைத்துப்போனாள். "ஏம்மா, உங்க கம்பெனில ஆராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள். முன்பொருமுறை அப்படித்தான் சீக்கிரம் வந்திருந்தேன், உங்களை எரித்த அன்று.

"இல்ல கண்ணு, சும்மாதான் வந்தேன்" என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த நம்பிக்கை வர இன்னும் எத்தனை சாயங்காலம் வேண்டுமோ.

செத்தவர்மேல் எதற்கு இன்னும் கோபம், மன்னித்துவிடேன் என்கிறார் கணவர். கோபம் அப்படியேதான் இருக்கிறது, என்னோடேயே கிடக்கட்டும். மன்னிப்பதற்கும் தெம்பு வேண்டும் அக்கா. என்னிடம் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அதில் உங்களுக்கு இனி ஒரு துளிகூடக் கிடையாது.