எல் எழுத்து வரைக்கும் என்னிடம்

பிரிக்பீல்ட்ஸ்,
19-8-1934

பினாங்கில் நர்ஸ் படிக்கும் சிரஞ்சீவி ரமணிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ஒரு வாரமாக விடாத மழை, அம்மா வைத்த கத்திரிச் செடி மூன்றும் சாய்ந்துவிட்டன, அதற்கும் திட்டு எனக்குத்தான்.

மண்டோர் வேலைக்கான பரீட்சை செவ்வாய்க்கிழமை நடந்தது. பதினாலு வருஷம் தண்டவாளத்தில் சுத்தியல் பிடித்தவன், இனி பத்து ஆளை வைத்து வேலை வாங்கினால் முதுகு கொஞ்சம் நிமிருமே என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது உனக்குத் தெரியும். இங்கிலீஷ் நோட்டீசுக்கு அர்த்தம் தெரிந்தால்தான் அந்த வேலை. நீ புறப்பட்ட அன்று அகராதி முதுகு பிய்ந்து இரண்டானதே, எல் வரைக்கும் எனக்கு, எம்மிலிருந்து உனக்கு என்று பிரித்துக்கொண்டோமே, அதில் என் பாதியை ஒரு வார்த்தை விடாமல் படித்துவிட்டேன். படித்த விதம்தான் தப்பு. அடுத்தடுத்த வார்த்தைகளை நம் லயத்து வீடுகள் மாதிரி வரிசையாக மனப்பாடம் பண்ணினேன், தலைவீட்டிலிருந்து நடந்து வந்தால்தான் நடுவீடு எனக்குத் தெரியும். பரீட்சை வைத்த வெள்ளைக்காரத் துரை, டிலே என்றால் என்ன என்றார். நான் டீர் மான், டிஃபீட் தோல்வி, டிஃபென்ட் காப்பாற்று, டிலே தாமதம் என்று வந்து, அங்கே நிற்க முடியாமல் டிலைட் ஆனந்தம் என்று அடுத்த வீட்டுக்கும் போய்விட்டேன். ரயில் தாமதமானால் உமக்கு ஆனந்தமோ எண்டு துரை கேக்கிறார் என்று, துரை பேச்சைத் தமிழில் சொல்ல நின்ற ஆபீஸ் பெரிய கிராணி விநாயகமூர்த்தி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். சிக்னல் கேட்டார், அதற்குப் புத்தகம் வேண்டாம், சொல்லிவிட்டேன். பிறகு ரிமூவ் என்றார். அது என் மகள்கிட்ட இருக்குதுங்க என்றேன். உம்மட மகள் ரயில்வே சாமான் ஏதும் கொண்டு போனவளோ என்று அடுத்த கேள்வி. அகராதிக் கதையைச் சொன்னதும் துரையே சிரித்துவிட்டார். மிச்சப் பாதியையும் படித்துக்கொண்டு தீபாவளி கழித்து வரட்டும், அதுவரை அந்த இடத்தில் யாரையும் போடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார். இதுதான் கடைசித் தவணையாம்.

இப்போது அம்மா சமைக்கும்போது நான் ஒப்பிக்க வேண்டும். டாட்டர் என்றால் மகள், அதற்கு அடுத்த வீடு டான், விடியற்காலை என்றேன். உடனே போய்ப் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லியிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஃபாதரும் என் பாதியில்தான் இருக்கிறது. நான் எங்கே இருக்கேன் என்று கேட்டாள். மதர் எம் எழுத்து, அதனால் நீ பினாங்கில் ரமணியோடு இருக்கிறாய் என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தால், அடுப்பை ஊதுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விறகை உள்ளே தள்ளிவிட்டு, அவ வர்றப்போ என்னையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க என்றாள்.

ஆகையால் புத்தகத்தைத் தபாலில் அனுப்பாதே. அடுத்த மாதம் நாலு நாள் லீவு கேட்டு நீயே கொண்டு வா. பிறை ஸ்டேஷனில் ரயில் ஏறியதும் உட்கார்ந்த இடத்தில் இரு, ஜன்னலில் தலை நீட்டாதே. தெய்வம் உனக்குத் துணையிருந்து நல்ல படிப்பும் திடமும் தரட்டும். எம் எழுத்துப் பக்கம் கிழியாமல் பார்த்துக்கொள்.

உன் அன்பு அப்பா,
தம்புசாமி