நிலைக்காலில் நின்ற வெள்ளம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் கைகால் அசைய நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ அனுப்பிய குல்லாய் எனக்குக் காதுக்குக் கீழே இறங்குகிறது, போகட்டும், காது அடைத்துக் கிடப்பதும் இப்போது நல்லதுதான், ஏனென்றால் நம் மதகு வீட்டுக்குச் சரித்திரம் எழுதிப் போர்டு வைக்க இலாகா ஒரு நிபுணரை அனுப்பியிருந்தது.

பளபளவென்று ஷூ, கரைச் சேற்றைக் கண்டதும் துரை நுனிக்காலில் நடந்தார். முப்பத்தொரு வருஷம் இந்த மதகில் தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கியவன் நான், எனக்கே என் வீட்டைச் சொல்லிக்கொடுக்கிறார்! ஆற்றை நேராக வெட்டிக் கரை கட்டிய எஞ்சினியர், இருபுறமும் வரும் படகு தெரிய மூன்று பக்கம் ஜன்னல் வைத்த மகா மேதையாம். வைத்தார் மகராசன், சமையலறைக்கு வைக்க மட்டும் மறந்துபோனார், உன் அம்மா புகையிலேயே கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். முதல் மதகுக்காரர் கடமை வீரராம். அந்த வீரர் குடித்துவிட்டுத் தூங்கி, தண்ணீரை வடியவிட்டு, செங்கல் படகைச் சேற்றில் உட்கார வைத்தவர். இரண்டாமவர் கூடத்தில் ஆடு வளர்த்தார், அதெல்லாம் போர்டில் வராது.

பிறகு வாசல் நிலைக்காலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். உங்கள் இருவரின் உயரத்தையும் நான் வருஷா வருஷம் குறித்துவைத்த கோடுகள்தான், இடதுபுறம் நீ, வலதுபுறம் தம்பி. நீர்மட்டம் எழுதியே பழகிய கை, பேர் போடாமல் தேதியும் அடியும் மட்டும் எழுதித் தொலைத்திருக்கிறேன். அந்த மேதாவி அதை வெள்ளம் வந்த உயரம் என்று முடிவு கட்டிவிட்டார்! உன் கடைசிக் கோடு ஐந்தடி. ஐந்தடித் தண்ணீருக்குள் நாங்கள் என்ன மீனாகவா குடும்பம் நடத்தினோம்? இதை வைத்து, இவ்வளவு வெள்ளம் ஏறும் வீட்டில் வயதானவர்கள் இருக்கக் கூடாது, முதல் தேதிக்குள் காலி செய்யுங்கள் என்றார். எங்கள் காலம் வரை இங்கேயே இருக்கலாம் என்று இலாகா கொடுத்த காகிதம் அலமாரியில் கிடக்கிறது, யாருக்கு வேண்டும்.

நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் குனிந்து, வலதுபுறம் மூன்றே முக்கால் அடியோடு எல்லாம் நின்றுவிட்டதே, அதன் பிறகு தண்ணீர் ஏறவே இல்லையா என்று கேட்டார். உன் அம்மாதான் உள்ளே இருந்து வந்து, அது தண்ணி இல்ல சார், எம் பையன், ஏழு வயசுல காய்ச்சல்ல போயிட்டான், அதுக்கு மேல வளரல என்றாள்.

அந்த மனிதருக்கு முகம் தொங்கிவிட்டது, பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் இலாகா புத்தி எங்கே போகும்? அப்போ இது வெறும் கிறுக்கல்தான், நீங்க இருக்கலாம், ஆனா நிலை அடியில உளுத்துப்போச்சு, மாத்திடுவாங்க என்றார். வெள்ளக் குறியாக, சரித்திரமாக இருந்தால் மட்டும் மருந்து அடித்துக் கண்ணாடி போட்டுக் காப்பாற்றுவார்களாம். பெயர்த்துக் கொடு, எடுத்துப்போகிறேன் என்றேன். அரசாங்க மரமாம், விதி இல்லையாம். கிறுக்கலாம்! எவன் பெற்ற பிள்ளை எவனுக்குக் கிறுக்கல்!

அவர் போனதும் உன் அம்மா சொன்னாள், வெள்ளம்னே எழுதிக் குடுத்துடுங்க, நாம எங்கேயாவது போய்க்கலாம், அவன் இங்கேயே இருக்கட்டும் என்று. மூன்று நாள் முடியாது என்று அவளோடு சண்டை போட்டேன். நான்காம் நாள் இலாகா ஆபீசுக்குப் போய் எழுதிக்கொடுத்துவிட்டேன், உண்மை தெரிந்த அந்த நிபுணரும் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் நான் தெரிந்தே தப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்ட நீர்மட்டம் இது ஒன்றுதான்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறை பார்த்திருக்கிறோம், விலாசம் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நீ குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. குழந்தைக்கும் உங்கள் இருவருக்கும் தீர்க்காயுசு கொடுக்க வேண்டும் என்று அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறாள், நானும்தான். ஒன்று மறக்காதே: லீவில் வரும்போது அந்தப் போர்டைப் படித்துவிட்டு வாயைத் திறக்காதே. குழந்தையை மட்டும் வலதுபுறக் கண்ணாடி ஓரமாக ஒரு நிமிஷம் நிறுத்திப் பார். காவலாளி கேட்டால், வெள்ளம் எவ்வளவு வந்ததென்று பார்க்கிறோம் என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா