குளியலறை விளிம்பில் பதினோரு குழிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதுகிறேன். நீ நலம்தானே? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

சித்தி வீட்டுக் குளியலறையில், சுவரும் தரையும் சேரும் விளிம்பில் பழைய பசை கறுத்து விண்டுபோய், கீழ்வீட்டில் தண்ணீர் சொட்டியது. இனி ஒரு சொட்டு விழுந்தாலும் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். அப்புறம் நான் எங்கே தங்கிப் படிப்பது? நானே சரிசெய்கிறேன் என்றேன்.

பழையதைச் சுரண்டி, துடைத்து, காயவிட்டு, புதிதாகச் சிலிக்கான் பசை பிதுக்கி விரலால் வழித்தேன். ஒரு நாள் முழுக்கத் தொடக்கூடாது என்று டியூபில் எழுதியிருந்ததை நான்தான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆனால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காய்ந்துவிட்டதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். கடைசியில் வரிசையாகப் பதினோரு குழிகள்.

"யாரு பண்ண வேலை இது?" என்றாள் சித்தி.

"எலியா இருக்கும். நல்லாப் படிக்கிற எலி" என்றார் சித்தப்பா.

ஒத்துக்கொண்டு, சுரண்டி மறுபடி பூசிவிட்டேன். நாளை சாயங்காலம்தான் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவேண்டும். கை சும்மா இருந்தால் தொட்டுவிடும் என்றுதான் குளியலறை வாசலில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

என் நீலப் போர்வையை அனுப்பு. இங்கே போர்வை இருக்கிறது, இருந்தாலும் அனுப்பு.

"காவல் காத்தது போதும், எந்திரி" என்று சித்தி குளியலறை விளக்கை அணைத்துவிட்டாள்.

உன் மகள்